சர்வே பணத்தை எடுக்க ஜிஎஸ்டி கட்டச் சொல்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: நான் நாமக்கல்லில் வசிக்கும் இல்லத்தரசி. நாத்தனார் மகன் சொன்னதன் பேரில், சர்வே நிரப்பினால் பணம் தரும் இணையதளம் ஒன்றில் 1,999 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். முதல் வாரம் 300 ரூபாய் வங்கிக்கே வந்தது. இப்போது என் பெயரில் 6,500 ரூபாய் இருப்பதாகக் காட்டுகிறது. அதை எடுக்க 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 1,170 ரூபாய், முன்னதாகக் கட்ட வேண்டுமாம். ஆதார், பான் நகல்களையும் கொடுத்துவிட்டேன். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். திரையில் தெரியும் 6,500 பணமல்ல, தளத்தை நடத்துபவர் தட்டச்சு செய்துவைத்த வெறும் எண். அவர் உங்களுக்குத் தரவேண்டிய தொகைக்கு வரி இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதுதான் முறை. தனியார் ஒருவரின் யுபிஐ முகவரிக்கு ஜிஎஸ்டி அனுப்பச் சொல்லும் சட்டம் இந்த நாட்டில் இல்லை. இதைக் கட்டினால் அடுத்ததாகச் சரிபார்ப்புக் கட்டணம் என்று ஒன்று வரும். முதலில் வந்த 300 ரூபாயும் நீங்கள் கட்டிய 1,999இலிருந்து எடுத்துக் கொடுத்ததாகவே இருக்கும்.

இந்த வித்தை புதிதல்ல. ஸ்பீக் ஏசியா என்ற நிறுவனம் 11,000 ரூபாய் சந்தா வாங்கிக்கொண்டு, வாரம் இரண்டு சர்வேக்குத் தலா 500 ரூபாய் தருவதாகச் சொல்லி லட்சக்கணக்கானோரைச் சேர்த்தது; 2011இல் பட்டுவாடா நின்று, வழக்கானது. அன்றும் மக்களை இழுத்தது விளம்பரம் மட்டுமல்ல. "எனக்குப் பணம் வந்துவிட்டது" என்று சொன்ன உறவினரும் பக்கத்து வீட்டுக்காரரும்தான். ஆள் சேர்த்தால் கமிஷன் என்றவுடன் அந்த உறவினர் இடைத்தரகராகிவிடுகிறார், பெரும்பாலும் தாமே அறியாமல். அவர் காட்டும் உத்யம் சான்றிதழை, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவுச் சான்றை, கண்டு மயங்காதீர்கள். சுய அறிவிப்பின் பேரில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பெறக்கூடிய காகிதம் அது. நிறுவனப் பதிவுச் சான்றிதழும் நேர்மைக்குச் சான்றல்ல. பதிவு வேறு, பொதுமக்களிடம் பணம் வசூலிக்கும் அனுமதி வேறு.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். நேர்மையான சர்வே நிறுவனங்களும் குறிப்பிட்ட தொகை சேரும்வரை பணத்தை விடுவிப்பதில்லை. சில, பாதிச் சர்வேயில் "நீங்கள் தகுதி பெறவில்லை" என்று வெளியேற்றிவிடும். சில பணத்துக்குப் பதில் பரிசுக் கூப்பன் தரும். ஆண்ட்ராய்டு போனில் கூகுள் ஒப்பீனியன் ரிவார்ட்ஸ் தருவதுகூடப் பிளே ஸ்டோரில் செலவழிக்கும் இருப்புதான். இவையெல்லாம் எரிச்சலூட்டுமே தவிர மோசடியல்ல, ஏனென்றால் உங்கள் கையிலிருந்து ஒரு ரூபாயும் போவதில்லை. அவற்றில் சில்லறைதான் தேறும். குடும்பம் நடத்தும் வருமானம் எந்தச் சர்வேயிலும் இல்லை.

இனிச் செய்ய வேண்டியது: பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண், அவர்களுடைய யுபிஐ முகவரி, உரையாடல்களின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றைச் சேமித்துக்கொண்டு 1930 என்ற எண்ணிலோ சைபர் கிரைம் இணையதளத்திலோ இன்றே புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்கு மாறுமுன் முடக்க வாய்ப்புண்டு. காவல் நிலையத்தில் "இது எங்கள் எல்லை இல்லை, மாவட்ட சைபர் கிரைமுக்குப் போங்கள்" என்று அலையவிடுவார்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு சொல்லியும், இரண்டாயிரம் ரூபாய்ப் புகார் என்றால் பேனாவை எடுக்கவே பலருக்கு மனம் வருவதில்லை. எழுத்து மூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதைக் கேளுங்கள்.

ஆதாரின் பயோமெட்ரிக்கை, அதாவது கைரேகை, கருவிழிப் பதிவுகளை, பூட்டிவிடுங்கள். உங்கள் பெயரில் வேறு சிம் இருக்கிறதா என்பதைச் சஞ்சார் சாத்தி என்ற மத்திய அரசு இணையதளத்திலும், கடன் வாங்கப்பட்டிருக்கிறதா என்பதை ஆண்டுக்கொருமுறை இலவசமாகக் கிடைக்கும் கிரெடிட் அறிக்கையிலும் பாருங்கள். இழந்ததை மீட்டுத் தருவதாகக் கட்டணம் கேட்டு வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பெரும்பாலும் அவரும் அதே கூட்டம்தான்.

நீங்கள் யாரையாவது சேர்த்துவிட்டு, அவர்களுடைய பணம் உங்கள் கணக்கு வழியாகப் போயிருந்தால், அதையும் புகாரிலேயே எழுதிவிடுங்கள். அவர்கள் முந்திக்கொண்டு புகார் செய்தால், முதலில் முடக்கப்படுவது உங்கள் வங்கிக் கணக்காகவே இருக்கும்.