சூரியன் மறையும் காட்சியைப் படமெடுத்தால் ஏன் சப்பென்று வருகிறது? ஃபிரேமில் எதை வைப்பது, பிறகு எப்படி கிராப் செய்வது (ஓரங்களை வெட்டுவது)?

போனில் எடுத்த ஏரிப் படம், நட்டநடுவில் சூரியன், பாதி வானம், பாதி தண்ணீர், இடது ஓரத்தில் ஒரு படகு. எப்படி கிராப் செய்தாலும் நேரில் பார்த்த அழகு வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இதே படத்தை நானும் பல வருடம் எடுத்துத் தள்ளியிருக்கிறேன். அதனால் தயங்காமல் சொல்கிறேன்: அஸ்தமனப் படங்களைப் பெரும்பாலும் கெடுப்பது அந்தச் சூரியனேதான்.

வானத்தில் சூரியனின் அகலம் சுமார் அரை டிகிரி. கையை நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்தினால் அதற்குப் பின்னால் இரண்டு சூரியன் ஒளிந்துகொள்ளலாம். போனின் சாதாரண லென்ஸோ அகலவாக்கில் எழுபது டிகிரி அளவுக்குப் பார்க்கிறது. ஆக, 4000 பிக்சல் அகலமுள்ள படத்தில் சூரியனுக்குக் கிடைப்பது முப்பது பிக்சல் சொச்சம். தொடுவானத்தருகே அது தட்டு மாதிரி பெரிதாகத் தெரிவது நம் மூளை காட்டும் வித்தை. கேமரா அதில் ஏமாறாது. ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு, அதைச் சுற்றி வெளிறிப்போன ஒரு வட்டம், அவ்வளவுதான் பதிவாகும். ஆனாலும் படத்திலேயே பளிச்சென்று இருப்பது அதுதான் என்பதால் பார்ப்பவர் கண் நேராக அங்கே போய், பார்க்க ஒன்றுமில்லாமல் திரும்பிவிடுகிறது. உங்கள் படகை யாரும் கவனிப்பதே இல்லை.

அதனால் ஃபிரேம் செய்யும்போது நான் முதலில் கேட்டுக்கொள்வது, இன்று வானம் நன்றாக இருக்கிறதா, தரை நன்றாக இருக்கிறதா என்பதுதான். இரண்டும் ஒரே நாளில் நன்றாக அமைவது அபூர்வம். மேகம் சிதறிக் கிடந்து நிறம் பிடித்திருந்தால் தொடுவானத்தைக் கீழே தள்ளி வானத்துக்கு முக்கால் இடம்கூடக் கொடுப்பேன். மேகமே இல்லாத வெறும் ஆரஞ்சு வானம் என்றால் அதற்கு ஒரு கீற்று போதும். மிச்சத்தைத் தண்ணீரும் பாறையும் எடுத்துக்கொள்ளட்டும். எல்லோரும் சொல்லும் மூன்றிலொரு பங்கு விதி புகைப்படக் கலை பிறப்பதற்கு முன்பே, 1797இல், ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் நிலக்காட்சிகளைப் பற்றி எழுதியபோது வந்தது. வானம் மூன்றில் இரண்டு பங்கு அல்லது ஒரு பங்கு இருக்கட்டும் என்பது அவர் யோசனை. நல்ல யோசனைதான், ஆனால் சட்டம் இல்லை. தண்ணீர் அசையாமல் கண்ணாடி போல வானத்தை அப்படியே திருப்பிக் காட்டினால், சரிபாதியாகப் பிரிப்பதுதான் அழகு. அலையடிக்கும் தண்ணீரில் அதே சரிபாதி, எதைக் காட்டுவது என்று முடிவெடுக்காத படம் போலத் தெரியும்.

அடுத்தது, படத்தில் கருப்பாகத் தெரியப்போகும் பொருட்கள். வெளிச்சத்தை எதிர்த்து எடுப்பதால் மரம், படகு, ஆள் எல்லாமே நிழலுருவம் ஆகிவிடும். கருப்பின் மேல் கருப்பு விழுந்தால் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டிதான். படகுக்காரர் கரைப் புதருக்கு முன்னால் இருந்தால் அவர் படத்தில் இல்லை என்றே அர்த்தம். இரண்டடி தள்ளி நின்றிருந்தால் மரத்துக்கும் ஆளுக்கும் நடுவே வெளிச்சம் புகுந்திருக்கும். குனிந்து எடுத்திருந்தால் தலையும் தோளும் தொடுவானத்துக்கு மேலே எழும்பியிருக்கும். இதை எந்த கிராப்பாலும் சரிசெய்ய முடியாது. கிராப் ஓரத்தில் இருப்பதை வெட்டும், ஒட்டிக்கொண்டதைப் பிரிக்காது.

பெரிய சூரியனுக்கு முன்னால் சின்ன மனிதர் நிற்கும் படங்களைப் பார்த்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து கிராப் செய்தே அதைக் கொண்டுவரப் பார்ப்பவர்கள் நிறைய. நானும் பார்த்தேன். நண்பனைப் பாறை மேட்டில் நிற்கவைத்து, இருபதடி தூரத்திலிருந்து எடுத்து, பிறகு வெட்டி வெட்டிப் பார்த்தேன். ஆள் பெரிதாக ஆனான், சூரியனும் அதே விகிதத்தில் பெரிதானது, இருவருக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் மாறவே இல்லை. சூரியன் எங்கிருந்து பார்த்தாலும் அரை டிகிரி. மனிதர்தான் தூரத்துக்கேற்பச் சிறுப்பார். சராசரி உயரமுள்ள ஒருவர் சுமார் 185 மீட்டர் தள்ளி நின்றால் சரியாகச் சூரியன் அளவுக்குத் தெரிவார். ஆக, அந்தப் படம் வேண்டுமென்றால் பின்னால் நடக்க வேண்டும், கையில் நீளமான ஜூம் லென்ஸ் வேண்டும். (கண்ணாடி வழியாகப் பார்க்கும் பழைய வகை வியூஃபைண்டரில் ஜூம் போட்டுச் சூரியனைப் பார்க்காதீர்கள், கண் போய்விடும். திரையில் பாருங்கள்.) இன்னொன்று, சூரியன் தன் அகலத்தைத் தாண்ட இரண்டு நிமிடம்தான் ஆகும். நண்பனை எங்கே நிறுத்துவது என்று அப்போது யோசித்தால் படம் போச்சு.

எக்ஸ்போஷர் (படத்தில் பதிவாகும் வெளிச்சத்தின் அளவு) பற்றி ஒன்றே ஒன்று: வானத்தை வெளுக்க விடாதீர்கள். போனில் வானத்தின் நிறமுள்ள இடத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். நிழலில் இருப்பதைப் பிறகு ஓரளவு தூக்கலாம், வெள்ளையாக எரிந்துபோனதை மீட்க முடியாது. வைட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறங்களைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் இருந்தால் கேமரா பல நேரம் ஆரஞ்சைக் குறையென்று நினைத்துத் திருத்திவிடும். பகல் வெளிச்சத்துக்கான அமைப்பில் வையுங்கள்.

சரி, கிராப்புக்கு வருவோம். முதல் வேலை தொடுவானத்தை நேராக்குவது. ஏரி சாய்ந்திருந்தால் தண்ணீர் வழிந்துவிடும் போலிருக்கும், வேறு எதுவும் கண்ணில் படாது. திருப்பும்போதே மூலைகள் வெட்டுப்படும்: அகலமும் உயரமும் 3:2 விகிதத்தில் உள்ள படத்தை இரண்டு டிகிரி திருப்பினால் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு காலி. அதனால்தான் எடுக்கும்போதே ஓரங்களில் கொஞ்சம் இடம் விட்டு எடுக்கச் சொல்கிறேன். அடுத்து, நான்கு ஓரங்களையும் ஒரு சுற்று பார்ப்பேன். பாதி வெட்டுப்பட்ட கிளை, மூலையில் ஒரு வெளிச்சப் புள்ளி, எங்கிருந்தோ நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி. சின்னச் சமாச்சாரம்தான், ஆனால் கண்ணைப் படத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டு போவது இதுதான். அதற்குப் பிறகே விகிதம். நீண்டு படுத்திருக்கும் மேகத்துக்கு 16:9 அல்லது 2:1. தண்ணீரில் நம்மை நோக்கி வரும் பொன்நிறப் பாதைக்கு நிற்கும் 4:5. சதுரம் எனக்கு அவ்வளவாகக் கைகூடுவதில்லை.

உங்களுடையதைப் போலவே என்னிடமும் ஒரு படகுப் படம் இருந்தது, 6000×4000 பிக்சல். முதலில் மேலும் கீழும் வெட்டி 16:9 ஆக்கினேன். சூரியன் நடுவில், படகு ஓரத்தில், சுமார்தான். அப்புறம் சூரியனை வலது மூன்றிலொரு பங்குக்குத் தள்ளி வெட்டினேன். இலக்கணப்படி சரி, ஆனாலும் கண் சூரியனுக்கும் படகுக்கும் மாறி மாறி ஓடியது. ரொம்ப நாள் கிடப்பில் கிடந்தது. பிறகு ஒருநாள் துணிந்து சூரியனையே வெளியே தள்ளிவிட்டேன். மிஞ்சியது 2400×3000: கருத்த படகு, அதன் மூக்கைத் தொட்டுக்கொண்டு போகும் பொன்நிறத் தண்ணீர், மேலே விரல் அகலத்துக்கு வானம். சூரியன் எங்கே இருக்கிறது என்று தண்ணீரே சொல்லிவிட்டது. இருந்த 24 மெகாபிக்சலில் 7 சொச்சம்தான் மிச்சம், ஆனால் அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 8×10 அங்குலப் பிரிண்ட்டுக்கு அது சரியாகப் போதும். சுவரில் மாட்டியிருப்பது அதுதான்.

நீங்களும் மூலப் படத்தின் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, சூரியனைக் கட்டைவிரலால் மறைத்துப் படத்தைப் பாருங்கள். படகும் தண்ணீரும் தனியே நிற்கின்றன என்றால் அங்கேயே வெட்டுங்கள். நிற்கவில்லை என்றால் இன்னொரு மாலை போக வேண்டியதுதான். அப்போது சூரியன் மறைந்ததும் பையைக் கட்டாதீர்கள். கீழே போன சூரியன் உயரத்து மேகங்களை அடியிலிருந்து வெளிச்சம் போடுவது அதற்குப் பிறகுதான், பல நாள் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து. அந்த நேரத்தில் கூட்டமும் கலைந்திருக்கும், ஃபிரேமுக்குள் யார் தலையும் வராது.