‘பூர்வ வாசனை’ என்றால் என்ன? எங்கே பயன்படுத்துவது?

இங்கே வாசனை என்பது மூக்குக்கு எட்டும் மணம் இல்லை. முற்பிறவிகளின் அனுபவங்கள் மனதில் விட்டுப்போன பதிவு, அதிலிருந்து கிளம்பும் நாட்டம் என்று வேதாந்தமும் யோக சாஸ்திரமும் சொல்கின்றன. பூவை எடுத்த பிறகும் பொதிந்திருந்த துணியில் மணம் தங்குகிறதே, அதுபோல. ஒரே வீட்டில் வளரும் இரண்டு குழந்தைகளில் ஒன்று, யாரும் சொல்லித்தராமலே தாளம் பிசகாமல் தட்டும். இன்னொன்றுக்கு அதில் நாட்டமே இருக்காது. முதல் குழந்தையைப் பார்த்து, “சங்கீதம் அதுக்குப் பூர்வ வாசனை” என்பார்கள்.

வாசனை நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தணியாத கோபம், பொருளாசை எல்லாமே இதில் அடக்கம். வேதாந்த நூலான விவேகசூடாமணி லோக வாசனை, சாஸ்திர வாசனை, தேக வாசனை என்று மூன்றைச் சொல்லி, ஞானத்துக்கு அவை தடை என்கிறது. அதில் சாஸ்திர வாசனையையும் சேர்த்திருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். படிப்பின் மேல் உள்ள பற்றும் கட்டிப்போடும் என்று சொல்லத் துணிவு வேண்டும்.

சரி, சிலந்தி வலை பின்னுவதை வாசனை எனலாமா? பேச்சு வழக்கில் அப்படிச் சொல்வதில்லை. அது இனம் முழுவதற்கும் பொதுவான இயல்பூக்கம். வாசனை ஆளுக்கு ஆள் மாறும்.

அப்புறம், “எழுத்து வாசனையே அறியாதவர்” என்பதில் வருவது வேறு பொருள். அங்கே அது சிறிதளவு பழக்கம், அறிமுகம். பிறவியோடு அதற்குச் சம்பந்தம் கிடையாது.