ராத்திரி லோரியில் கரண்ட்: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு ஆலை வாசலில் விடியும்வரை கிடக்கும் லோரி ஓட்டுநர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் லோரி வாயரிங் பார்ப்பவர்.

அண்ணே, ராத்திரி முழுக்க காத்தாடி ஓடினா காலையில லோரி ஸ்டார்ட் ஆகுமா?

எந்தக் காத்தாடி, தம்பி? 24 வோல்ட்டில் நேராக ஓடும் கேபின் காத்தாடி 20 வாட் என்றால், 8 மணி நேரத்துக்கு 160 வாட்-மணிதான். லோரியில் சேர்த்து மாட்டிய 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டும் புதிதில் 2,400 வாட்-மணி வைத்திருக்கும்; பயமில்லை. வீட்டு மேசைக் காத்தாடியை, பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வர்ட்டரில் மாட்டினால் கதை வேறு. அது 50 வாட், இன்வர்ட்டர் சும்மா இருக்கவே தின்பது 10, 15 வாட். விடிவதற்குள் 500 வாட்-மணியைத் தாண்டிவிடும். பழைய பேட்டரி அதைத் தாங்காது. ஸ்டார்ட் பண்ணும் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. அடிக்கடி ஆழமாக வடியவிட்டால் சீக்கிரம் செத்துப்போகும். மீட்டரில் 24.4 வோல்ட் காட்டினால் பாதி காலி. அங்கேயே நிறுத்துங்கள்.

பேட்டரி குறைஞ்சா இன்வர்ட்டரே நின்னுடுதே?

நிற்கும், 21 வோல்ட் பக்கத்தில். அதற்குள் ஸ்டார்ட்டர் சுற்றாது. 24.2-இல் துண்டிக்கும்படி அமைக்கக்கூடிய கட்-ஆஃப் ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டுங்கள்.

ஒரு பேட்டரியில மட்டும் 12 வோல்ட் எடுத்து ரேடியோ, போன் சார்ஜர் போட்டிருக்கேன். தப்பா?

தப்புதான், பலர் செய்வதும் இதைத்தான். அந்த ஒன்று வடியும், மற்றது நிறைந்தே இருக்கும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டருக்கோ இரண்டும் சேர்ந்த 28 வோல்ட் மட்டுமே கணக்கு. நிறைந்தது கொதித்துத் தண்ணீர் வற்றும், வடிந்தது நிறையவே நிறையாது. கடைசியில் இரண்டையும் மாற்ற வேண்டிவரும். 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர், 10 ஆம்பியர், போதும்.

சோறு வடிக்கலாமா? தண்ணி சுட வைக்கலாமா?

400 வாட் ரைஸ் குக்கர் அரை மணி நேரத்துக்கு 200 வாட்-மணி, சேதாரம் தனி. எஞ்சினை அணைப்பதற்கு முன்பே ஆக்கிவிடுங்கள். 2,000 வாட் கெட்டில் 24 வோல்ட்டில் 90 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; வேண்டாம், பிளாஸ்க்கில் கொண்டுவாருங்கள்.

இன்வர்ட்டர் மாட்டுவது பற்றியும் ஒன்று: 1,000 வாட் இன்வர்ட்டரை சிகரெட் லைட்டர் துளையில் சொருகவே கூடாது. பேட்டரியிலிருந்து நேராக 16 சதுர மில்லிமீட்டர் ஒயர், இரண்டு மீட்டருக்குள். 60 ஆம்பியர் பியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். இன்வர்ட்டர் பக்கத்தில் வைத்தால், வழியில் ஒயர் லோரியின் இரும்புச் சட்டமான சேஸியில் உரசி ஷார்ட் ஆகும்போது அந்த பியூஸுக்குத் தெரியவே தெரியாது. ஒயர்தான் எரியும்.

எஞ்சினை ஓடவிட்டே ஏர்கோனில் தூங்கினா?

வேண்டாம். வரிசையில் நிற்கும்போது புகை கேபினுக்குள் ஏறும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

குறட்டை நோய்க்கு, மாஸ்க் வழியா காத்து ஊதுற சிபாப் மிஷின் போட்டுத்தான் தூங்குறேன், அண்ணே.

காற்றை ஈரமாக்க மிஷினில் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டரை அணையுங்கள், பெரும்பங்கு அங்கேதான் போகிறது. இன்வர்ட்டர் வழியாக வேண்டாம். அந்த மாடலுக்கே வரும் 24 வோல்ட் டிசி அடாப்டர் கேட்டு வாங்குங்கள். மூச்சு சம்பந்தப்பட்ட சாமான், ஆகவே இதற்கு மட்டும் தனிப் பேட்டரி வையுங்கள்.