இத்தாலிய ஒயின் புட்டிகளில் திராட்சையின் பெயருக்குப் பதிலாக ஊர்ப்பெயர் இருப்பது ஏன்?

பரோலோ, கியான்டி போன்றவை திராட்சையின் பெயர்கள் அல்ல. அவை ஒயின் விளையும் இடங்களின் பெயர்கள். அந்தப் பெயரைப் போட வேண்டுமானால், குறிப்பிட்ட எல்லைக்குள் விளைந்த குறிப்பிட்ட திராட்சையைக் கொண்டே ஒயினைச் செய்ய வேண்டும் என்பது இத்தாலியச் சட்டம். இதற்கான அடிப்படை 1963-இல் இடப்பட்டது.

காரணம் மண்ணும் தட்பவெப்பமும்தான். ஒரே அரிசியும் உளுந்தும் போட்டு அரைத்தாலும் வீட்டுக்கு வீடு மாவின் புளிப்பு மாறுவதைப் போல, ஒரே திராட்சை மலைக்கு மலை வேறு சுவை தருகிறது. வடமேற்கில் பியட்மான்ட் பகுதியின் லாங்கே குன்றுகளில் விளையும் நெபியோலோ இதற்குச் சிறந்த சான்று. மூடுபனி இறங்கும் அக்டோபர் வரை பழுக்கக் காத்திருக்கும் இந்தத் திராட்சையிலிருந்து மட்டுமே பரோலோவும் அதன் அண்டை ஊரான பார்பரெஸ்கோவின் ஒயினும் உருவாகின்றன. கோப்பையில் பார்த்தால் வெளிறிய செங்கல் நிறம். முகர்ந்தால் ரோஜா மணம். ஆனால் ஒரு மிடறு அருந்தியதும் பாக்கு மென்றதுபோல் வாய் முழுதும் துவர்க்கும். அந்தத் துவர்ப்பு தணியத்தான் பரோலோவை 38 மாதங்களாவது, அவற்றுள் 18 மாதங்கள் மரப்பீப்பாயில், வைத்திருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். மிக நியாயமான விதி என்பேன். மத்திய இத்தாலியின் டஸ்கனியில் சாஞ்சியோவேசே என்ற திராட்சை இதே இடத்தை வகிக்கிறது: கியான்டியின் மையப் பகுதியில் விளையும் கியான்டி கிளாசிகோ ஒயினில் அது குறைந்தது 80 சதவீதம்.

மான்டெபுல்சியானோ என்ற பெயரைக் கண்டால் எல்லாம் ஒரே ஒயின் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அப்ருஸ்ஸோ பகுதியின் ஒயினில் அது திராட்சையின் பெயர், டஸ்கனியின் வினோ நோபிலே என்ற ஒயினிலோ அது ஊரின் பெயர், அங்கே பெரும்பங்கு சாஞ்சியோவேசேதான்.