படகு நாசிலும் விமான ஹீட்டர் நாசிலும்

கேள்வி: குளச்சலில் விசைப்படகு என்ஜின்களுக்கு பம்ப், நாசில் பார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். விமானப் பராமரிப்புப் படிப்பில் சேரப் போகிறேன். சிறிய விமானங்களில் பெட்ரோலில் எரியும் ஹீட்டர் உண்டாம், அதிலும் ஸ்ப்ரே நாசில் இருக்கிறதாம். எங்கள் கை டெஸ்டரில் போட்டே அதைப் பார்க்கலாமா?
– வாசகர், குளச்சல்

பதில்: அந்த டெஸ்டரில் வேண்டாம் தம்பி. படகு நாசில் 200 பார் அழுத்தத்தின் வாக்கில் திறக்கும். ஹீட்டர் நாசிலுக்குப் போவது சில மாடல்களில் 7 பிஎஸ்ஐ, அதாவது அரை பார்தான். அது எந்த அழுத்தம் என்பதை அந்த ஹீட்டரின் மேனுவல்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் உங்கள் கண் பழகியது வீணாகாது. தெளிப்பு முழுக் கூம்பாக, எல்லாப் பக்கமும் ஒரே அடர்த்தியில் விரிய வேண்டும். ஒருபக்கம் சாய்ந்தாலோ, நடுவில் கோடாக ஒழுகினாலோ, சொட்டினாலோ அது ஆகாது. படகில் இப்படி ஆனால் கரும்புகை வரும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். ஹீட்டரில், தீ எரியும் குழாயான எரிகுழலின் சுவரை ஒரே இடத்தில் தீ நக்கும். நாளடைவில் அந்த இடத்தில் விரிசல் விடும். அந்தச் சுவருக்கு இந்தப்பக்கம் தீ, அந்தப்பக்கம் ஆட்கள் சுவாசிக்கிற காற்று. விரிசல் வழியே கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு கேபினுக்குள் போகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) இருந்த காலத்தில் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது இதுதான். அமெரிக்காவின் விமானத்துறை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ 1996-இல் ஜேனிட்ரால் என்ற பிராண்டு ஹீட்டர்களுக்கு ஓர் உத்தரவே போட்டது: எரிகுழலில் காற்றை ஏற்றி அடைத்து, அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

துளை அடைத்திருந்தால் கம்பியோ குண்டூசியோ விட்டுக் குத்தாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறலே கூம்பைக் கெடுத்துவிடும். மேனுவல் சொல்லும் கரைப்பானில் ஊற வைத்து, காற்றடித்து, மறுபடி தெளித்துப் பாருங்கள். அப்படியும் சரிவராவிட்டால் புதுசு மாட்டுங்கள். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

இன்னொன்று. டீசல் தெளிப்பு கையில் பட்டால் தோலுக்குள் ஏறும், அது உங்களுக்குத் தெரியும். இங்கே பயம் வேறு. பெட்ரோல் மூடுபனிக்கு ஒரு பொறி போதும், பெஞ்சுக்கு எர்த்திங் இல்லாமல் தொடவே வேண்டாம்.

குமரிக் கரை வெயிலில் ஹீட்டர் எதற்கு என்று தோன்றும். ஆயிரம் அடிக்கு சுமார் 2 டிகிரி குறையும். தரையில் 30 டிகிரி என்றால் 10,000 அடியில் பத்துதான்.