கடற்கரைப் பக்கத்து வீடு: பூட்டுக்கும் கீலுக்கும் தேங்காயெண்ணெய் போதுமா?

காசிமேட்டில் வாடகை வீடு, பூட்டில் சாவி சிக்குகிறது, கீல் கிறீச்சென்கிறது, இரண்டுக்கும் தேங்காயெண்ணெய் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருவொற்றியூர். இந்த உப்புக்காற்றில் பூட்டுக்கு ஒன்று, கீலுக்கு வேறொன்று என்றுதான் போட வேண்டும்.

கதவில் பதித்த பூட்டுக்குள் குட்டிக் குட்டி பின்களும் ஸ்பிரிங்குகளும் இருக்கும். சாவி அவற்றைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் திரும்பும். தேங்காயெண்ணெய் கொஞ்ச நாள் வழுக்கும், அப்புறம் பிசுபிசுத்துப் போகும். துறைமுக லாரிகள் கிளப்பும் புழுதி அதில் போய் ஒட்டிக்கொண்டால் பின் மேலே ஏறாது, ஏறினால் இறங்காது. எல்லாரும் தூக்கிக்கொண்டு வரும் டபிள்யூடி-40 ஸ்பிரே ஈரத்தை விரட்டுவதற்காக 1953-ல் உருவானது. துருவை இளக்கும், பழைய பிசுக்கைக் கழுவும், ஆனால் வழுவழுப்பு நீடிக்காது. அதனால் முதலில் அதை அடித்து, சாவியைப் பலமுறை உள்ளே விட்டு எடுத்து, ஒவ்வொரு தடவையும் துணியில் துடையுங்கள். சாவியில் கறுப்பு வருவது நின்றதும் நன்றாக உலரவிட்டு, உலர்ந்த வகை (அடித்ததும் காய்ந்து, பிசுபிசுக்காமல் வழுக்கும்) டெஃப்லான் ஸ்பிரே ஒரு சின்ன அடி. அவ்வளவுதான்.

பென்சில் கரியைச் சாவியில் தேய்க்கச் சொல்லும் யோசனை கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் பரவாயில்லை. கடலோரத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். பென்சில் கரியில் இருக்கும் கிராஃபைட் மின்சாரம் கடத்தும், உப்பீரமும் சேர்ந்தால் அதைத் தொட்டிருக்கும் உலோகம் சீக்கிரம் அரிக்கும். எண்ணெய் விட்ட பூட்டில் போட்டாலோ சேறுதான்.

கீல் வேறு கதை. அங்கே ஒட்டிக்கொண்டு நிற்கும் பொருள்தான் வேண்டும், டூவீலர் ஸ்பேர் கடையில் கிடைக்கும் லித்தியம் கிரீஸே போதும். ஒரு நேரத்தில் ஒரு கீலின் பின்னை மட்டும் ஆணியால் கீழிருந்து தட்டி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்து, மெல்லப் பூசித் திரும்ப இறக்குங்கள். பின் கழலாத பழைய இரும்புக் கீல் என்றால் தையல் மிஷின் எண்ணெயை மேலிருந்து சொட்டுவிட்டுக் கதவை ஆட்டினால் இறங்கிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் கதவு இறுகுகிறதென்றால் அது மரம் ஊதுவது. அதற்கு எந்த எண்ணெயும் உதவாது. மழை நின்று மரம் காய்ந்த பிறகும் உரசினால், உரசும் ஓரத்தை மட்டும் ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லுங்கள், வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.