சினிராமா வளைந்த திரை: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கே: அண்ணா, மூன்று புரொஜக்டர் சேர்ந்து ஒரே அகலப் படத்தைக் காட்டும் சினிராமாவில் திரையை ஏன் வளைத்தார்கள்? பிரமாண்டத்துக்கா?

பிரமாண்டம் அப்புறம். ஓரக்கண்ணில் விழும் காட்சிதான் நம்மை அந்த இடத்திலேயே இருப்பதாக நம்பவைக்கிறது என்பது சினிராமாவைக் கண்டுபிடித்த ஃபிரெட் வாலரின் பிடிவாதம். போர்க்காலத்தில் விமானத் துப்பாக்கி வீரர்களுக்காக 5 புரொஜக்டர் வைத்துப் பயிற்சிக் கருவி செய்த மனிதர், அதை 3 ஆகக் குறைத்து, 1952 செப்டம்பர் 30 அன்று நியூயார்க் பிராட்வே தியேட்டரில் 146 டிகிரி வளைவில் படம் காட்டினார். இடது அறைப் புரொஜக்டர் திரையின் வலப்பக்கத்துக்கு அடிக்கும், வலது அறையது இடப்பக்கத்துக்கு.

கே: அவ்வளவு வளைத்தால் ஒரு பக்க வெளிச்சம் மறுபக்கத்தில் பட்டு வெளுக்காதா?

இதைத்தான் யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தேன்! வெளுக்கும். அதனால்தான் அது ஒரே துணி இல்லை. 1,100-க்கும் மேற்பட்ட மெல்லிய பட்டைகள், ஆபீஸ் ஜன்னலில் தொங்கும் செங்குத்து பிளைண்ட்ஸ் மாதிரி, சற்றே திருப்பி வரிசையாகக் கட்டியவை. பட்டையில் பட்டுப் பக்கவாட்டில் சிதறும் வெளிச்சம் அடுத்த பட்டையின் முதுகில் போய் முடிந்துவிடும். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் முழுத் திரைதான்.

கே: இது ஐமேக்ஸ்தானே?

இல்லை. ஐமேக்ஸ் பிறகு வந்தது: 1970, ஜப்பானின் ஒசாகா.

கே: மூன்று படம் சேரும் இடத்தில் கோடு தெரியுமே, அப்படியென்றால் தோல்விதானே?

தெரியும், மறுக்கவில்லை. புரொஜக்டருக்குள் சீப்புப் பல் மாதிரி ஒன்று கிடுகிடுவென ஆடி ஓரத்தை மங்கலாக்கியும் முழுசாக மறையவில்லை. அதற்காகத் தோல்வி என்றால் எப்படி? ஒரு ரீல் அறுந்து 3 ஃபிரேம் போனால் அதே இடத்தில் 3 கறுப்பு ஃபிரேம் ஒட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் மற்ற இரண்டோடு ஒத்துப்போகாது. இந்த அவஸ்தையும் ஆள் செலவும்தான் கழுத்தைப் பிடித்தன. கோட்டின் மேல் பழி போடாதீர்கள்.

கே: ஆனாலும் கோடு உறுத்துமே?

இதற்கு முந்தைய பதிலைப் படியுங்கள்.

கே: வளைந்த டிவி வாங்கலாமா?

கடைக்காரரைக் கேளுங்கள்.

கே: '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' மூன்று புரொஜக்டர் படமா?

நூறு தடவை சொல்லியாயிற்று. விளம்பரத்தில் சினிராமா என்று இருந்தாலே மூன்று புரொஜக்டர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1963-லேயே ஒற்றை 70 எம்எம் பிரதிக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள். 1968-இல் வந்த இந்தப் படமும் அப்படித்தான். வளைந்த திரையும் பெயரும் மட்டும் மிச்சம்.